புறம்போக்கும் பூங்காவும்: சேதுக்கரைப் பொதுவெளிகளின் வரலாறு

பசுமையான பொது இடத்தில் நுழையவும் நிழலில் அமரவும் எவருக்கு உரிமை உண்டு என்ற கேள்வியை இராமநாதபுரம், இராமேசுவரம் கடற்கரையில் எழுப்புவோர் பூங்கா என்ற சொல்லிலிருந்து தொடங்கினால் வழி தவறிவிடுவர். சுற்றுச்சுவரும் வாயிற்கதவும் நடைபாதையும் கொண்ட நகராட்சிப் பூங்கா இந்தக் கரைக்கு மிகப் பிந்தி வந்தது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே மக்கள் கூடியதும் இளைப்பாறியதும் ஆடுமாடு மேய்த்ததும் பிள்ளைகள் விளையாடியதும் ஊருணிக் கரையிலும் கண்மாய்க் கரையிலும் மந்தையிலும் தரவையிலும் சத்திரத்துத் தோப்பிலும் கடலோரப் பாடுகளிலும்தான். நிலவருவாய்க் கணக்கில் இவற்றுள் பெரும்பாலானவை புறம்போக்கு என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்தன. இன்று வசைச்சொல்லாகவும் வழங்கும் இந்தச் சொல், வரி விதிப்புக்குப் புறம்பே விடப்பட்ட நிலத்தை, அதாவது தனியொருவர் பட்டாவிலும் சேராமல் ஊரார் பிழைப்பில் மட்டும் சேர்ந்திருந்த நிலத்தைக் குறித்தது. கணக்கில் வருமானம் காட்டாத நிலம் பயனற்ற நிலம் என்ற எண்ணம் எப்போது வேரூன்றியதோ, அப்போதே இந்தக் கரையின் பொதுவெளிகளுக்குக் கேடு தொடங்கிவிட்டது எனலாம்.

நிலத்தின் இயல்பை அறியாமல் இந்தப் பொதுவெளிகளின் அருமையை உணர முடியாது. ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு எதுவும் இம்மாவட்டத்தில் இல்லை. வைகை, நல்ல மழையாண்டுகளில் மட்டும் இராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை வந்து சேரும். அந்தக் கண்மாய் நிறைந்து வழிந்தால்தான் மிச்ச நீர் கடலைக் காணும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி ஆண்டு முழுதும் உண்ண வேண்டிய ஊர்களில் கண்மாயும் ஊருணியும்தான் உயிர்நிலை. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று இராசசிங்கமங்கலம் கண்மாயைப் பற்றி மக்கள் பெருமையோடு சொல்லிவருவது இதனால்தான். கடலை நெருங்க நெருங்க மண் வெளுத்து, உப்புப் பூத்து, பயிர் ஏறாத தட்டை வெளியாகிவிடும். அதைத் தரவை என்பார்கள். வாலாந்தரவை போன்ற ஊர்ப்பெயர்களில் அச்சொல் நிலைத்திருக்கிறது. பனையும் உடையும் தவிர வேறு மரம் எளிதில் தழைக்காத இத்தகைய மண்ணில் ஒரு வேப்ப மரத்து நிழலுக்கும் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கும் இருந்த மதிப்பு, நீர்வளம் மிக்க காவிரிக் கரையில் வாழ்ந்தவர்களால் எண்ணிப் பார்க்கக்கூடியதன்று.

ஊருணி என்ற சொல்லுக்கு ஊரார் உண்ணும் நீர்நிலை என்பது பொருள். வள்ளுவர் ஒப்புரவு அதிகாரத்தில் பேரறிவாளன் ஒருவனது செல்வத்துக்கு நீர் நிறைந்த ஊருணியை உவமையாக்கியிருப்பது, அந்நீரில் எவருக்கும் பங்குண்டு என்ற கருத்தின் பழமையைக் காட்டும். கண்மாய் பாசனத்துக்கு, ஊருணி குடிப்பதற்கு. ஆகவே ஊருணிக்கென்று தனி ஒழுங்கு இருந்தது. மழைநீர் வந்து சேரும் வரத்துக்கால் அசுத்தப்படாமல் காக்கப்பட்டது. மாடு இறங்காதபடி கரை உயர்த்தப்பட்டது. குளிக்கவும் துணி துவைக்கவும் வேறு குட்டைகள் ஒதுக்கப்பட்டன. கரையைப் பிடித்து நிறுத்த வேம்பும் அரசும் பூவரசும் நடப்பட்டன. அம்மரங்களின் நிழலே நாளடைவில் ஊரின் சாவடியாகவும் பிள்ளைகளின் ஆடுகளமாகவும் ஆயிற்று. சித்திரை, வைகாசியில் ஊருணி வற்றியதும் பெண்கள் அதன் நடுவில் ஊற்றுத் தோண்டி, ஊறிவரும் நீரைத் தேங்காய்ச் சிரட்டையால் அகழ்ந்து குடத்தில் சேர்ப்பார்கள். கலங்கிய நீராக இருந்தால் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து வைப்பார்கள். மண் அடியில் படிந்து, சற்று நேரத்தில் நீர் தெளிந்துவிடும். ஒரு குடம் நிறைய நெடுநேரம் ஆகும் அந்த நாட்களில் ஊருணிக்குள் காத்திருப்பதும் பேசுவதும் பெண்களின் பொதுவாழ்வாகவே இருந்தது. வீட்டுக்கும் வயலுக்கும் வெளியே ஆண்களுக்குச் சாவடியும் மந்தையும் இருக்க, பெண்களுக்கென இருந்த ஒரே பொதுவெளி அநேகமாக இதுதான்.

இராமநாதபுரம் நகரமே ஊருணிகளைச் சுற்றி வளர்ந்த ஊர். முகவை ஊருணி, நீலகண்டி ஊருணி, செம்மங்குண்டு ஊருணி, சாயக்கார ஊருணி என்று இன்றும் தெருப்பேச்சில் அடிபடும் பெயர்களைக் கேட்டாலே, ஊர் வகுக்கப்பட்ட முறையின் தடம் ஓரளவு புலப்படும். பெருநகரங்களில் பூங்காக்களுக்கு ஆட்சியாளர்களின் பெயர் வைக்கப்பட்டது போலன்றி, இங்கே மண்ணின் நிறமும் தொழிலின் பெயரும் நீர்நிலைக்குப் பெயராயின. ஒரு தெருவுக்கு ஓர் ஊருணி என்ற அளவில் பரவிக் கிடந்ததால், நிழலும் நீரும் நகரின் ஒரே மூலையில் குவியாமல் பல இடங்களில் பகிர்ந்து கிடைத்தன. பசுமைவெளி வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்க வேண்டும் என்று இக்கால நகரமைப்பு வல்லுநர்கள் வற்புறுத்துவதை, நீரின் தேவை இந்த ஊரில் தானாகவே செய்து முடித்திருந்தது.

ஊராருக்கு ஊருணி என்றால், வழிப்போக்கருக்குச் சத்திரமும் தோப்பும். காசிக்குச் செல்பவர் இராமேசுவரம் வந்து தீர்த்தமாடினால்தான் யாத்திரை நிறைவுறும் என்ற நம்பிக்கையால், வடநாட்டிலிருந்தும் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் பல நூற்றாண்டுகளாக மக்கள் பெரும்பாலும் கால்நடையாகவே இந்தக் கரைக்கு வந்தனர். சேதுவுக்குச் செல்லும் இந்த வழியைக் காப்பதே இராமநாதபுரம் மன்னர்களின் சேதுபதி என்ற பட்டத்துக்கு அடிப்படைக் கடமை. அவர்கள் வெளியிட்ட செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் வழிநெடுகச் சத்திரங்களுக்கும் அன்னதானத்துக்கும் கோயில் நந்தவனங்களுக்கும் ஊர்களை விட்டுக்கொடுத்த செய்திகள் மிகுதி. நந்தவனம் என்பது கோயில் வழிபாட்டுக்குப் பூத்தரும் தோட்டம். அதற்கென்று கிணறும் தோட்டக்காரரும் மானியமும் இருந்தன. சத்திரத்தை ஒட்டிய தோப்போ களைத்து வந்தவர் வண்டியை அவிழ்த்துவிட்டுச் சமைத்து உண்ணும் இடம். உப்புக்காற்று வீசும் மணற்காட்டில் கிணறு தோண்டி, தென்னையும் புளியும் வைத்து வளர்ப்பது எளிய செயலன்று. முன்பின் அறியாத அயலாருக்காகப் பசுமையை உருவாக்கிக் காத்த மரபு என்ற வகையில் சேதுவழிச் சத்திரங்கள் தமிழகத்தின் பொதுவெளி வரலாற்றில் முதன்மையான இடத்துக்கு உரியவை. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட பின், யாத்திரிகர் வண்டியில் ஏறி நேராகத் தீவில் இறங்கலாயினர். நடைவழியின் தேவை சுருங்கியது. மண்டபம் என்ற ஊர்ப்பெயரும் முகுந்தராயர் சத்திரம் என்ற இடப்பெயரும் அந்தப் பழைய வழியை நினைவூட்டி நிற்கின்றன.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தப் பொதுவெளிகள் யாவருக்கும் ஒப்பத் திறந்திருந்தன என்று எழுதினால் அது பொய்யாகும். ஊருணி ஊருக்குப் பொது. ஆனால் ஊர் என்ற சொல்லுக்குள் சேரி அடங்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் ஊருணிக்குள் இறங்க முடியாது. கரைக்கு அப்பால் வெறுங்குடத்தோடு காத்திருந்து, மற்றவர் மனமிரங்கி ஊற்றும் நீரைப் பெறுவதே வழக்கமாக்கப்பட்டது. கோடையில் ஊற்றுநீருக்கே போட்டி வரும்போது அந்தக் காத்திருப்பு எத்தனை நாழிகை நீண்டிருக்கும் என்பதை எந்த வருவாய்க் கணக்கும் பதிவு செய்யவில்லை. சத்திரங்களிலும் சாதிக்கு ஒரு பந்தி. மரம் அனைவருக்கும் நிழல் தந்தது. அந்த நிழலில் அமரும் உரிமையை மனிதர்கள் அளந்து கொடுத்தார்கள்.

வழக்கம் என்ற ஒரு சொல் இந்த அளவைக்குச் சட்ட வலிமையும் பெற்றுத் தந்தது. இதற்குச் சான்றான வழக்கு இந்த மாவட்டத்திலேயே நடந்தது. 1897ஆம் ஆண்டு கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தினர் நுழைந்ததை எதிர்த்து, அறங்காவலர் என்ற முறையில் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பெயரால் வழக்குத் தொடரப்பட்டது. மதுரையிலும் சென்னையிலும் நடந்த அந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் வழக்கத்தைக் காரணமாகக் காட்டி நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. கோயில் வேறு, ஊருணி வேறு என்று கருதலாம். ஆயினும் பொது இடத்தில் ஒருவர் இதுவரை நுழைந்ததில்லை என்பதே இனியும் அவர் நுழையக்கூடாது என்பதற்குச் சான்றாகிவிடும் என்ற தர்க்கம் இரண்டுக்கும் ஒன்றே. விலக்கி வைத்ததே விலக்கி வைப்பதற்கு உரிமை ஆயிற்று.

இந்தத் தர்க்கத்தை உடைக்கச் சட்டமன்றத்தில் நடந்த போராட்டம் தனியே எழுதத்தக்கது. 1924ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுத் தெரு, பொதுக் கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்ட மக்கள் பயன்படுத்துவதைத் தடுக்கலாகாது என்ற அரசின் கொள்கையை வெளிப்படையாக அறிவிக்கச் செய்தது. 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் குடியுரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அரசுப் பணத்தால் பேணப்படுகின்ற அல்லது பொதுமக்களின் பயனுக்கென விடப்பட்ட கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை, பொது இடம் எதிலும் சாதி, மதம், பால், பிறப்பிடம் காட்டி எவரையும் தடுக்கக்கூடாது என்று வரையறுத்தது. பூங்காவின் பெயரை அப்பிரிவு தனியே சொல்லவில்லை. குளத்தையும் துறையையும் சொல்லியது. இந்திய நாட்டின் பொதுவெளி எது என்பதை அதை இயற்றியவர்கள் மிகச் சரியாகவே அறிந்திருந்தார்கள்.

நுழைவுரிமை ஒருபுறம் விரிந்துகொண்டிருந்த அதே காலத்தில், மறுபுறம் நிலத்தின் உடைமை கைமாறிக்கொண்டிருந்தது. 1803இல் ஆங்கிலேயர் இராமநாதபுரத்தை நிரந்தர ஜமீனாக்கிச் சேதுபதி குடும்பத்து மங்களேசுவரி நாச்சியாருக்குச் சன்னது வழங்கினர். ஆட்சியுரிமை போய், வரி தண்டும் உரிமை மட்டும் எஞ்சிய ஜமீனில், பொதுநிலத்தின்மீது ஊராருக்கு இருந்த உரிமை எவ்வளவு என்பது பலகாலம் தெளிவின்றியே கிடந்தது. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட்டு நிலச் சட்டம் இதற்கு ஒரு வரம்பு கட்டியது. கண்மாயின் உட்பகுதி, கரை, வரத்துக்கால், நெல் அடிக்கும் களம், மாடு அடையும் மந்தை, ஊராரின் பொதுப் பயனுக்கென ஒதுக்கிய பிற நிலங்கள் ஆகியவற்றைக் குடிகளுக்குச் சாகுபடிக்கு விடும் நிலத்தில் சேர்க்கலாகாது என்றது அச்சட்டம். விடுதலைக்குப் பின் 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் ஜமீன் முறையையே ஒழித்தது. அடுத்த ஆண்டில் இராமநாதபுரம் ஜமீனை அரசு எடுத்துக்கொண்டது. அச்சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு பட்டியல் உள்ளது: ஊர்ப் பொதுநிலம், புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல் நிலம், காடு, கனிமம், ஆறு, ஓடை, குளம், மீன்பாடு, தோணித்துறை. இவை அனைத்தும் அரசைச் சேரும் என்ற ஒரே வாக்கியத்தில், நகரத்து ஊருணியும் கடலோர மீன்பாடும் ஒருங்கே அரசுடைமையாயின.

ஜமீன் ஒழிப்பு நியாயமானது என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. எனினும் அந்த வாக்கியத்துக்குள் ஒரு மாற்றம் சத்தமின்றி நடந்தது. முன்பு ஊருணியில் கரை உடைந்தால் ஊரார் கூடி அடைப்பார்கள். பயன்படுத்துவோரே உழைத்துப் பராமரிக்கும் அந்த முறைக்குக் குடிமராமத்து என்று பெயர். உழைத்தவருக்கு அந்த இடத்தைப் பற்றிப் பேசும் உரிமை இருந்தது. கட்டாய வேலையாகத் தாழ்த்தப்பட்டோர் உழைத்த இடங்களில் அந்த உரிமையும் இல்லை என்பது வேறு கதை. அரசுடைமை ஆனபின் ஊருணி ஒரு துறையின் பொறுப்பாயிற்று. சட்டத்தின் கண்ணில் எல்லோருக்கும் உரியதான அதே வேளையில் எவருடைய கவலைக்கும் உரியதல்லாததாக ஆனது. தமிழகம் எங்கும் நடந்தது போலவே, வளரும் ஊருக்கு அலுவலகமோ பள்ளியோ பேருந்து நிலையமோ தேவைப்பட்டபோதெல்லாம் கணக்கில் புறம்போக்கு என்று இருந்த நிலமே முதலில் கண்ணில் பட்டது. 2000களின் இறுதியில் காவிரி நீர் குழாய்வழி மாவட்டத்துக்கு வந்தபோது, தாகம் தீர்ந்த அளவுக்கு ஊருணியின் மேல் இருந்த கண்ணும் அகன்றது. குழாயடி தண்ணீர் தந்தது. காத்திருக்க நிழலும் அமர்ந்து பேசக் கரையும் தரவில்லை.

காலியான கரைகளிலும் தரவைகளிலும் சீமைக் கருவேலம் வந்து குடியேறியது. விறகுக்காகவும் வேலிக்காகவும் வளர்க்கப்பட்டுக் கட்டுக்கடங்காமல் பரவிய இந்த அயல்நாட்டு முள்மரம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாவட்டத்தின் முகத்தையே மாற்றிவிட்டது. மேய்ச்சல் வெளி முட்காடாயிற்று, வரத்துக்கால் அடைபட்டது, பிள்ளைகள் ஆடிய கரையில் கால் வைக்க முடியாமல் போயிற்று. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற ஆணையிட்டபோது எழுந்த விவாதத்தில், ஒரு தரப்பின் குரல் போதிய அளவு கேட்கப்படவில்லை. அது மூட்டம் போடுவோரின் குரல். வெட்டிய கட்டைகளை வட்டமாக அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயைக் கனலவிட்டு, வரும் புகையின் நிறத்தைப் பார்த்தே கரி வெந்துவிட்டதா என்று அறியும் அந்தக் கைத்தொழிலை நம்பி நிலமற்ற குடும்பங்கள் பல வாழ்கின்றன. பொதுநிலம் கெட்டுப்போன பின்னும், அந்தக் கேட்டிலிருந்தே பிழைப்பைத் தேடிக்கொண்டவர்கள் அவர்கள். மரத்தை அகற்றிப் பசுமைவெளியை மீட்பதாக இருந்தால், மீட்கப்படும் வெளியில் அவர்களுக்கு என்ன இடம் என்பதையும் சேர்த்தே கேட்டிருக்க வேண்டும்.

நகரப் பூங்கா என்ற கருத்து வேறு வழியாக வந்தது. இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு, வேலை தேடி நகரத்துக்கு வந்த மக்கள் ஆலைப் புகையில் அடைபட்ட பின்னரே, 1847இல் திறக்கப்பட்ட பர்க்கன்ஹெட் பூங்கா போன்றவை பொதுப் பணத்தில் அமைந்தன. இழந்த பொதுநிலத்துக்கு ஈடாகக் கிடைத்தது பூங்கா. சென்னையில் ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் காலத்தில் தோன்றிய பீப்பிள்ஸ் பார்க், மக்கள் பூங்கா என்ற தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. மூர் மார்க்கெட்டும் ரிப்பன் மாளிகையும் விளையாட்டரங்கமும் அதன் பரப்பை அடுத்தடுத்து எடுத்துக்கொண்டன. இத்தகைய இழப்பைத் தடுக்கவே 1959ஆம் ஆண்டில் பூங்காக்கள், விளையாட்டிடங்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது பூங்காவைப் பட்டியலிட்டுக் காத்தது. ஊருணிக் கரையும் மந்தையும் அந்தப் பட்டியலுக்குள் வரும் பழக்கம் இல்லாததால், இராமநாதபுரம் போன்ற ஊர்களில் உண்மையான பொதுவெளி சட்டத்தின் பார்வைக்கு வெளியிலேயே நின்றது.

இராமேசுவரம் தீவில் நிலை சற்றே வேறு. அங்கே ஊருணியின் இடத்தைத் தீர்த்தம் வகித்தது. கோயிலுக்குள் 22, கோயிலுக்கு வெளியே தங்கச்சிமடம் முதல் தனுஷ்கோடி வரை சிதறிக் கிடப்பவற்றையும் சேர்த்து மொத்தம் 64 என்று மரபு சொல்லும். வெளித் தீர்த்தங்கள் பல, உடை மரங்களுக்கு நடுவே மழைநீர் தேங்கும் சிறு குளங்கள்தாம். புனிதம் என்ற காப்பு இருந்ததால் அவை தூர்க்கப்படாமல் பிழைத்தன. பிற்காலத்தில் மறைந்தும் மண்மூடியும் போனவற்றுள் பலவற்றை விவேகானந்த கேந்திரம் ஊராரோடு சேர்ந்து தோண்டி மீட்டிருக்கிறது. தீவின் கிழக்கு முனையில் 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22, 23 தேதிகளில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்த பின், அந்த ஊர் வாழத் தகுதியற்றது என அறிவிக்கப்பட்டது. ஆயினும் மீனவர்கள் திரும்பி வந்து கீற்றுக் குடிசைகளில் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்ததும் சுற்றுலாப் பயணிகளுக்குக் கடற்கரை எளிதாயிற்று. புயலுக்குப் பின்னும் அந்த மணலை விட்டு நீங்காதவர்களின் குடியிருப்பு உரிமையோ கேள்வியாகவே தொடர்ந்தது.

பூங்கா என்ற சொல் தன் முழு வலிமையோடு இந்தக் கரைக்கு வந்தது நிலத்தில் அன்று, கடலில். 1986இல் தமிழக அரசு, இராமேசுவரம் தீவை அடுத்த பகுதி முதல் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழம் குறைந்த கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் இதனைச் சூழ்ந்த 10,500 சதுர கிலோமீட்டர், உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. மனிதரும் இயற்கையும் சேர்ந்து வாழும் பரப்பு என்ற கருத்தில் வகுக்கப்படுவது உயிர்க்கோளக் காப்பகம்; வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்கீழ் அமையும் தேசியப் பூங்காவோ மனிதப் பயன்பாட்டை ஏறத்தாழ முழுவதும் விலக்குவது. குருசடை, முயல் தீவு, மனோலி, பூமரிச்சான், அப்பா, வாலை, நல்லதண்ணி என்று மீனவர் வாயில் அன்றாடம் புழங்கிய தீவுகள் ஒரே நாளில் அனுமதி பெற்று நுழைய வேண்டிய இடங்களாயின.

காப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகம் 1927லேயே தனி நூல் வெளியிடும் அளவுக்கு அங்கே உயிர்வளம் செறிந்திருந்தது. பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்ததன் விளைவாகத் தீவுகளின் அரண் சிதைந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்தே போயின. கடற்புல்லை மேயும் ஆவுளியா என்ற கடற்பசு அருகிப்போயிற்று. காப்பது தேவை, யாரைத் தள்ளிவைத்துக் காப்பது என்பதில்தான் நியாயத்தின் கேள்வி எழுகிறது.

பூங்காவின் எல்லை வரையப்பட்ட முறை இதைத் தெளிவாக்கும். கரைநோக்கிய பக்கத்தில் மூன்றரைப் பாகம், கடல்நோக்கிய பக்கத்தில் ஐந்து பாகம் ஆழம் வரை உள்ள நீர் பூங்காவைச் சேரும். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு, ஏறத்தாழ ஆறு அடி. விசைப்படகுகள் இழுவலை போடும் கடல் இந்த எல்லைக்கு வெளியே ஆழத்தில் இருக்கிறது. எல்லைக்குள் அடங்கியது, சிறு வள்ளத்தில் செல்வோரும் மூச்சடக்கி மூழ்குவோரும் பிழைத்த கடல். பாம்பன் சின்னப்பாலம் முதல் ஏர்வாடிக்கு அப்பால் வரையுள்ள கடலோர ஊர்களில் பெண்கள் பலர் பாசி எடுப்பவர்கள். 1960கள் முதல் அகர், அல்ஜின் ஆகியவற்றைத் தயாரிக்கும் ஆலைகளுக்கு மரிக்கொழுந்து, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்ற பாசி வகைகள் விலையானபோது இத்தொழில் விரிந்தது. பவளத்தில் கீறாமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, காலில் தகட்டைத் துடுப்புப் போலக் கட்டி, இடுப்பில் வலைப்பையோடு மூழ்கி, பாசியைக் கையால் பறித்து வருவது அவர்கள் வேலை. பட்டாவும் படகும் பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருக்கும் சமூகத்தில், எவர் கையையும் எதிர்பாராமல் ஈட்டுவதற்குப் பெண்களுக்கு வாய்த்த பொதுவெளி இந்த ஆழமில்லாக் கடல். ஊருணியைப் போலவே இதுவும் கணக்கில் எழுதப்படாத உரிமை.

2000ஆம் ஆண்டையொட்டிப் பூங்காவின் காவல் கடுமையானதும், முன்பு தீவில் இறங்கித் தங்கிப் பாசியை உலர்த்தி வந்தவர்கள் அத்துமீறுவோர் ஆயினர். அபராதம், பறிமுதல், துரத்தல் என்ற நிலையில், விடிவதற்குள் போய்த் திரும்ப வேண்டிய வேலையாக அது மாறிற்று. அதே ஆண்டுகளில் பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் துணையோடு அயல்நாட்டுப் பாசி ஒன்றை மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் திட்டம் இக்கரையில் ஊக்குவிக்கப்பட்டது; அந்தப் பாசி குருசடைத் தீவின் பவளப் பாறைகள்மேல் படர்ந்திருப்பதை 2008 அளவில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தலைமுறையாகக் கையால் பறித்த பெண்களைக் காட்டிலும் பவளத்துக்குக் கேடு விளைக்கக்கூடிய ஒன்று முறையான வாயில் வழியாகவே உள்ளே வந்திருந்தது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களையும் உள்ளடக்கியதே. ஆனால் காடு என்று அச்சட்டம் சொல்வதற்குள் கடல் அடங்குமா, மூன்று தலைமுறை வாழ்ந்ததற்கான சான்றைக் கடலில் உழைத்தவர் எங்கிருந்து காட்டுவார் என்ற கேள்விகளுக்கு முன் பாசி எடுக்கும் பெண்களின் கோரிக்கை தேங்கி நின்றது. கோயில் வழக்கில் பழைய வழக்கம் விலக்குவதற்குச் சான்றானது. இங்கோ பழைய வழக்கம் சேர்ப்பதற்குச் சான்றாக ஏற்கப்படவில்லை.

இந்தப் பெண்கள் செய்த ஏற்பாடு இக்கரையின் பொதுவெளி வரலாற்றில் குடிமராமத்துக்கு இணையாகப் பதிவு பெற வேண்டியது. ஊர்தோறும் சங்கமாகக் கூடி, பாசி மறுபடி துளிர்க்கக் கால இடைவெளி வேண்டும் என்று தாங்களே தீர்மானித்து, மாதத்தில் 12 நாட்கள் மட்டும் கடலுக்குள் இறங்குவது என்று வரையறுத்துக்கொண்டனர். அடிக்கட்டையோடு பிடுங்காமல் நுனியைப் பறிப்பது, சுரண்டும் இரும்புக் கருவிகளைத் தவிர்ப்பது, மீன்கள் இனம் பெருகும் தடைக்காலத்தில் பாசித் தொழிலையும் நிறுத்திவைப்பது ஆகியவையும் அந்த ஒழுங்கில் அடங்கும். எந்தத் துறையும் எழுதிக் கொடுக்காத அந்த ஒழுங்கின்படி, அமாவாசையை ஒட்டி ஆறு நாளும் பௌர்ணமியை ஒட்டி ஆறு நாளும் வள்ளங்கள் தீவுகளை நோக்கிப் புறப்படுகின்றன. எஞ்சிய நாட்களில் பாசி துளிர்விடுவதற்காகக் கரையிலேயே நிற்கின்றன.